வீட்டுச் செடிக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் யாருடைய செடி வாடினாலும் அதன் படம் என் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும். மூன்றாவது மாடி மாமி, அண்ணன் மகள், அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் என்று கேட்பவர்கள் மாறுவார்கள், கேள்வி மாறாது: "என்ன உரம் போடலாம்?" நான் பதிலுக்குக் கேட்பதும் மாறாது: "செடி எங்கே இருக்கு? ஜன்னலிலிருந்து எத்தனை அடி?"

சென்னையில் இரண்டாவது மாடி வீட்டில் பதினான்கு வருடமாகத் தொட்டிச் செடி வளர்க்கிறேன். உரம் குறைந்து என்னிடம் செத்த செடி ஒன்றுகூட நினைவில் இல்லை. வெளிச்சம் குறைந்து செத்தவை நிறைய. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டு வீடுகளை, அதிலும் மொட்டை மாடி கைக்குக் கிடைக்காத பிளாட்டுகளை மனத்தில் வைத்து எழுதியது.

எங்கள் ஹால் நல்ல வெளிச்சமாகத்தான் இருக்கிறது. செடிக்கு மட்டும் ஏன் போதவில்லை?

வெளிச்சத்தை அளக்க நம் கண்ணை நம்பக் கூடாது. இருட்டுக்கும் வெயிலுக்கும் கண் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். வெயிலிலிருந்து வீட்டுக்குள் வந்தால் ஒரு நிமிடம் இருட்டாக இருக்கும், பிறகு எல்லாம் தெளிவாகத் தெரியும். அறை மாறவில்லை, கண்தான் மாறிக்கொண்டது. இலையால் அப்படிச் செய்ய முடியாது. விழுகிற வெளிச்சத்தை வைத்துத்தான் அது தனக்கான மாவுச்சத்தைச் செய்தாக வேண்டும்.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நண்பகலில் மொட்டை மாடியில் நேர் வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும். அதே நேரத்தில் என் வீட்டில் அளந்து பார்த்தேன். பால்கனி நிழலில் 9,000 வாக்கில் இருந்தது. ஹால் ஜன்னலை ஒட்டி 2,500. ஜன்னலிலிருந்து நான்கடி தள்ளி 600. சோபா பக்கத்து டீப்பாயில் 180. மொட்டை மாடிக்கும் டீப்பாய்க்கும் ஐந்நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம், ஆனால் அந்த டீப்பாயில் வைத்து நான் செய்தித்தாளைச் சிரமமில்லாமல் படிக்கிறேன். நமக்குப் படிக்கப் போதுமான வெளிச்சம் பெரும்பாலான செடிகளுக்குப் பட்டினி.

கருவி எதுவும் இல்லாமல் வெளிச்சத்தை எப்படிக் கணிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த வழி, செடி இருக்கும் இடத்தில் நம் முகத்தை வைத்துப் பார்ப்பது. சொல்லும்போது விளையாட்டாகத் தோன்றலாம், ஒரு முறை செய்து பாருங்கள். தொட்டியை நகர்த்திவிட்டு, இலை இருந்த உயரத்துக்குக் குனிந்தோ ஏறியோ, அங்கிருந்து ஜன்னலைப் பாருங்கள். வானம் எவ்வளவு தெரிகிறது? வீட்டுக்குள் வரும் பகல் வெளிச்சத்தில் பெரும்பகுதி வானத்திலிருந்து வருவது. வானமே தெரியாத இடத்தில் இருக்கும் செடிக்குச் சுவரில் பட்டுத் திரும்பும் மிச்சம்தான் கிடைக்கும்.

இதை நான் கற்றது என் மணி பிளான்டிடம். பீரோவின் மேல் வைத்துக் கொடியைத் தொங்கவிட்டிருந்தேன். ஜன்னல் ஆறடி தூரத்தில்தான். ஆனாலும் ஒரு வருடத்தில் மொத்தம் நான்கு இலை விட்டது, ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறியது. ஒருநாள் முக்காலி போட்டு ஏறி, தொட்டி இருந்த இடத்தில் தலையை வைத்துப் பார்த்தேன். ஜன்னலின் மேல் விளிம்பு என் கண்ணுக்குக் கீழே இருந்தது. எதிரே தெரிந்தது எதிர்வீட்டுக் காம்பவுண்டுச் சுவரும் கொஞ்சம் தெருவும். ஒரு துண்டு வானம் இல்லை. அன்றே கொடியை இறக்கி ஜன்னல் திண்ணையில் வைத்தேன். மூன்றாவது வாரத்தில் வந்த துளிர், விரிந்தபோது என் உள்ளங்கை அகலம் இருந்தது. பரண், பீரோ மேல்புறம், உயரமான அலமாரித் தட்டு எல்லாமே இப்படித்தான். ஜன்னலைவிட உயரமான இடம் எப்போதும் இருட்டு.

இரண்டாவது வழி நிழல். நண்பகல் வாக்கில் செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, ஒரு அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். கை என்று தெரிகிறது, ஓரம் மங்கல் என்றால் நடுத்தரம். நிழல் விழுந்ததா என்றே யோசிக்க வேண்டியிருந்தால் அங்கே செடி வேண்டாம்.

கைபேசியில் லக்ஸ் மீட்டர் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. போனுக்குப் போன் எண் மாறும் என்பதால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே போனால் வீட்டுக்குள் இரண்டு இடங்களை ஒப்பிட அது தாராளமாகப் போதும்.

நர்சரியில் "பிரைட் இன்டைரக்ட் லைட்" என்கிறார்கள். அப்படியென்றால் என்ன?

இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள நமக்கு வெளிநாட்டுப் படங்கள் தேவையில்லை. வெற்றிலைக் கொடிக்காலுக்குள் ஒரு முறை நடந்தவர்களுக்குத் தெரியும். அகத்தியை வரிசையாக நட்டு வளரவிட்டு, அதன் மேல் வெற்றிலைக் கொடியை ஏற்றுவார்கள். உள்ளே போனால் குளிர்ச்சி, வெயில் பொட்டுப் பொட்டாக மட்டும் விழும், ஆனால் இருட்டில்லை. தலைக்கு மேல் இலைகளினூடே வானம் நெடுகத் தெரியும். அகத்தி அடர்ந்து இருட்டடித்தால் கிளையைக் கழிப்பார்கள். வெயில் காலத்தில் நிழலைக் கூட்டி விடுவார்கள். வெளிச்சத்தை அளவோடு கொடுக்கும் வித்தையை நம் ஊர் விவசாயி கொடிக்காலில் காலங்காலமாகச் செய்துவருகிறார்.

நாம் வீட்டுக்குள் வைக்கும் செடிகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட இடத்தைச் சேர்ந்தவை. மணி பிளான்ட் பசிபிக் தீவுக் காட்டில் மரமேறும் கொடி. பிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா இரண்டும் அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் மரத்தைப் பற்றி ஏறுபவை. மேலே மரம் இருக்கும், அதற்கும் மேலே கடும் வெயில் இருக்கும். மரத்தடி நிழலும் மூடிய அறையின் நிழலும் ஒன்றல்ல. ஆகவே அந்த நர்சரிச் சொல்லை நான் இப்படிப் படிக்கிறேன்: இலையில் உச்சி வெயில் படக் கூடாது, ஆனால் இலையிலிருந்து பார்த்தால் வானம் தாராளமாகத் தெரிய வேண்டும்.

எந்தத் திசை ஜன்னல் நல்லது? தெற்கு ஜன்னல்தான் சிறந்தது என்று படித்தேனே?

இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தெற்கு ஜன்னலைப் பற்றிய அந்த அறிவுரை லண்டனிலோ நியூயார்க்கிலோ இருப்பவருக்கு எழுதப்பட்டது. அங்கே வருடம் முழுக்கவும் நண்பகல் சூரியன் தெற்குப் பக்கம்தான் இருக்கும். நம் ஊர் அப்படி இல்லை.

சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் வருடத்தில் இரண்டு முறை நம் உச்சந்தலைக்கு நேராக வருகிறது. ஏப்ரல் 24 வாக்கில் ஒரு முறை, அதாவது சித்திரை பத்து, பதினொன்று தேதியில். ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு முறை, ஆவணி பிறந்த கையோடு. இந்த இரண்டு நாளுக்கும் நடுவே சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகப் போகிறது. நண்பகலில் மட்டும் அல்ல, உதிப்பது முதல் மறைவது வரை முழுக்க வடக்கே. தெற்கே போகப் போக இந்தத் தேதிகள் மாறும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 11 வாக்கிலேயே சூரியன் உச்சிக்கு வந்து, செப்டம்பர் தொடக்கத்தில்தான் திரும்பித் தெற்கே போகும்.

இதை வைத்து வீட்டைப் பார்த்தால் விஷயம் தலைகீழாகிறது. கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்தில் சென்னையின் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் விழவே விழாது. வானத்து வெளிச்சம் மட்டும் வரும். மென்மையான இலைச் செடிகளுக்கு அந்த மாதத்தில் வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான். அதே ஜன்னல் மார்கழியில் வேறு ஜன்னல். டிசம்பர் 21 அன்று நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து 53 பாகை உயரத்தில்தான் நிற்கும். வெயில் சன்ஷேடுக்குக் கீழாக நுழைந்து சில அடி உள்ளே வந்து தரையில் படுத்திருக்கும்.

வடக்கு ஜன்னலை வெயிலே படாத ஜன்னல் என்று சொல்கிறவர்கள், மே, ஜூன் மாதங்களில் காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் அங்கே நின்று பார்க்க வேண்டும். சாய்ந்த வெயில் நன்றாகவே விழும். உச்சி வெயில் மட்டும் சன்ஷேடில் தட்டி நின்றுவிடும். வடக்குப் பால்கனியில் கார்த்திகை, மார்கழியில் ஒழுங்காக இருந்த செடி சித்திரை முடிந்ததும் கருகினால் அதிசயமில்லை.

கிழக்கு எனக்கு மிகவும் பிடித்த திசை. ஆறு மணியிலிருந்து பத்து மணி வரையான வெயிலில் வெளிச்சம் உண்டு, சூடு குறைவு. மேற்கில் வெளிச்சம் அதே அளவுதான், ஆனால் பிற்பகலில் காற்றும் சுவரும் ஏற்கெனவே சூடேறியிருக்கும். தொட்டி கொதித்து வேர் வேகும். மேற்குப் பால்கனியில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியை நான் வைப்பதே இல்லை.

திசைகாட்டியோடு நிற்காமல், மாதத்துக்கு ஒரு நாள் காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளை உங்கள் ஜன்னல்களில் வெயில் எதுவரை வருகிறது என்று பாருங்கள். நான் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். ஒரு வருடக் கோடுகள் கற்றுக்கொடுத்ததை வேறு எதிலும் நான் படிக்கவில்லை.

மழைக்காலத்தில் செடி வளராமல் நிற்கிறதே, பகல் குறைவதாலா?

பகல் நீளம் சென்னையில் அவ்வளவு மாறாது. டிசம்பரில் 11 மணி நேரம் 20 நிமிடம் வாக்கில், ஜூனில் 12 மணி நேரம் 50 நிமிடத்துக்குச் சற்று மேல். உண்மையான காரணம் மேகம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் வானத்தை மூடிவிடும். அந்த வாரங்களில் செடியை ஜன்னலுக்கு இன்னும் நெருக்கமாக நகர்த்துங்கள். உரத்தை நிறுத்துங்கள். தண்ணீரைக் குறையுங்கள்.

வெளிச்சமே இல்லாத மூலைக்கு ஒரு செடி சொல்லுங்களேன்?

இந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒரு பட்டியல் கொடுப்பார்கள்: ஸ்நேக் பிளான்ட், இசட்இசட் பிளான்ட், அக்லோனிமா. பட்டியல் தவறில்லை, அதைப் புரிந்துகொள்வதில் தவறு நடக்கிறது. இவை இருட்டைத் தாங்கும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு செடியும் இரவும் பகலும் சுவாசிக்கிறது, அதற்குச் சேமிப்பைச் செலவழிக்கிறது. வெளிச்சம் இருக்கும்போது மட்டும் சம்பாதிக்கிறது. வரவும் செலவும் சமமாகும் வெளிச்ச அளவு ஒன்று ஒவ்வொரு செடிக்கும் உண்டு. அதற்குக் கீழே போனால் கையிருப்பைத் தின்றுதான் வாழ வேண்டும். இசட்இசட் பிளான்ட் மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு மாதிரிக் கிழங்கு வைத்திருக்கிறது. ஸ்நேக் பிளான்டுக்குத் தடித்த இலையும் தரையடித் தண்டும். இவற்றின் சேமிப்பு பெரியது, செலவு குறைவு. அதனால் இருட்டு மூலையில் ஒரு வருடம்கூட மாறாமல் நிற்கும். பார்ப்பவர்கள் செடி சந்தோஷமாக இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். பிறகு ஒரு மாதத்தில் அடியோடு சாயும்.

அந்த மூலையில் செடி வேண்டும் என்றால் ஒரே வகையில் இரண்டு தொட்டி வாங்குங்கள். ஒன்று மூலையில் இருக்கும்போது இன்னொன்று ஜன்னலில் இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். எங்கள் வீட்டு ஷூ அலமாரிக்கு மேல் ஆறு வருடமாக இப்படித்தான் நடக்கிறது, இரண்டு ஸ்நேக் பிளான்டும் குட்டி போட்டுவிட்டன. மாற்றி வைக்க நேரமில்லை என்றால் அந்த மூலையில் ஒரு பித்தளை விளக்கை வையுங்கள். உயிருள்ள ஒன்றை அங்கே நிறுத்த வேண்டாம்.

வெளிச்சம் போதவில்லை என்பதைச் செடி எப்படிக் காட்டும்?

கணுவைப் பாருங்கள். தண்டில் ஒரு இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவே உள்ள தூரம் கூடிக்கொண்டே போனால் அது வளர்ச்சி இல்லை, தேடல். வெளிச்சம் எங்கே என்று தண்டு எட்டிப் பார்க்கிறது. "செடி நன்றாக உயரமாகிறது" என்று சந்தோஷப்படுகிறவர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள். தண்டு மெலியும், புது இலை பழையதைவிடச் சிறுத்து வரும், செடி ஒரு பக்கமாகச் சாயும், சவலைப் பிள்ளை மாதிரி நிற்கும். கீழ் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழும். பூச்செடியாக இருந்தால் முதலில் பூ நிற்கும்.

அதிகமானால்?

பழுப்போ வெளிறிய வெள்ளையோ ஆன திட்டுகள், வெயில் பட்ட பக்கத்தில் மட்டும் வரும். தொட்டால் காகிதம் மாதிரி இருக்கும். கருகிய திட்டு மறுபடி பச்சையாகாது. இலையில் பாதிக்கு மேல் பச்சை இருந்தால் விட்டுவிடுங்கள், அந்தப் பச்சை இன்னும் வேலை செய்யும்.

பெரும்பாலும் இது வாங்கிவந்த முதல் வாரத்தில் நடக்கிறது. நர்சரியில் செடிகள் பச்சை வலைக்குக் கீழே வளர்ந்தவை. 50 சதவீத வலை, 75 சதவீத வலை என்று விற்கிறார்களே, அந்த எண் வலை எவ்வளவு வெளிச்சத்தைத் தடுக்கிறது என்பதைச் சொல்கிறது. 75 சதவீத வலைக்கடியில் விரிந்த இலை மெல்லியது, நேர் வெயிலைப் பார்க்காதது. ஒரு ஏப்ரலில் குரோட்டன்ஸ் ஒன்று வாங்கிவந்தேன். குரோட்டன்ஸ் வெயில் செடிதானே என்று நேரே பால்கனியின் வெயில் முனையில் வைத்தேன். மறுநாள் மாலையே மேல் இலைகள் வறுத்த அப்பளம் போலச் சுருங்கியிருந்தன. அதே செடி பிறகு அதே இடத்தில் முழு வெயிலில் வளர்ந்தது, புதிதாக வந்த இலைகள் அந்த வெயிலிலேயே பிறந்தவை என்பதால். முதல் மூன்று நாள் நிழல், பிறகு காலை வெயில் ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு என்று இரண்டு வாரம் எடுத்துப் பழக்குங்கள். கத்திரி நேரத்தில் இடமே மாற்ற வேண்டாம்.

வெளிச்சத்துக்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் உண்டா?

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி இதுதான், யாரும் கேட்பதில்லை. இலை வெளிச்சத்தில் வேலை செய்யும்போதுதான் வேர் தண்ணீரை இழுக்கிறது. வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி குடிப்பதும் குறைவு. ஆனால் நாம் தினமும் காலையில் காபியோடு ஒரு டம்ளர் ஊற்றும் பழக்கத்தை மாற்றுவதில்லை. மண் காயாது, வேருக்குக் காற்று போகாது, வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீர் இழுக்க முடியாது, இலை வாடும். வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுவோம்.

"நான் தண்ணீர் தவறாமல் ஊற்றினேன், ஆனாலும் செத்துவிட்டது" என்று வருத்தப்படுகிறவர்களிடம் தொட்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்வேன். காய்ந்த தொட்டி கைக்கு இலேசாக இருக்கும், ஈரத் தொட்டி கனக்கும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். என் வீட்டில் ஒரே வகை மணி பிளான்ட் இரண்டு இடத்தில் இருக்கிறது. பால்கனியில் இருப்பதற்கு ஏப்ரலில் இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர். புத்தக அலமாரியில் இருப்பதற்குப் பத்து நாள் ஆகும். "இந்தச் செடிக்கு வாரம் எத்தனை முறை தண்ணீர்?" என்ற கேள்விக்கு இடம் தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

ஜன்னல் பக்கத்தில்தான் இருக்கிறது, அப்படியும் சவலையாக இருக்கிறதே?

ஜன்னலைத் துடைத்து எவ்வளவு நாளாகிறது? கொசுவலை, கறுப்பு பிலிம் ஒட்டிய கண்ணாடி, தூசி படிந்த கிரில், உள்ளே தொங்கும் திரை, வெளியே நீட்டிய சன்ஷேடு, அதன் மேல் ஏசி பெட்டி. ஒவ்வொன்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கொசுவலையைத் திறந்தும் மூடியும் போனில் அளந்து பாருங்கள், வியந்துபோவீர்கள். கொசு வரும் என்பதால் நாங்களும் வலையைத் திறந்து வைப்பதில்லை. பதிலாக மாதம் ஒரு முறை வலையைக் கழற்றிக் குழாயடியில் கழுவுகிறேன். பிறகு இலைகள். ஈரத் துணியால் இலையின் மேலும் கீழும் துடையுங்கள். பளபளப்புக்கு எண்ணெய், பால் எதுவும் தடவ வேண்டாம், அதில் தூசி இன்னும் ஒட்டும். அறைச் சுவர் வெள்ளையாக இருந்தால் செடிக்கு அதுவும் ஒரு உதவி.

துளசி, மல்லிகை, கறிவேப்பிலையை வீட்டுக்குள் வைக்கலாமா?

வேண்டாம். மூன்றும் வெயில் செடிகள். துளசிக்கு நான்கைந்து மணி நேர நேர் வெயில், மல்லிக்கும் கறிவேப்பிலைக்கும் ஆறு மணி நேரம். மல்லி நிழலில் இலையாகத் தழைக்கும், மொட்டு வைக்காது. அடீனியமும் ரோஜாவும் இதே கட்சி. நேர் வெயில் கிடைக்காத பால்கனி என்றால் புதினா, கற்பூரவல்லி, வெற்றிலை வையுங்கள், மனம் நிறையும்.

மணி பிளான்டில் மஞ்சள் வரி மறைந்து முழுப் பச்சையாகிவிட்டது. ஏன்?

வெளிறிய பகுதியில் பச்சையம் குறைவு, அது அதிகம் சம்பாதிக்காது. வெளிச்சம் குறையும்போது செடி புது இலைகளில் பச்சையைக் கூட்டிக்கொள்கிறது. வெளிச்சத்துக்கு நகர்த்தினால் அடுத்து வரும் இலைகளில் வரி திரும்பும், பழைய இலை மாறாது. முழுப் பச்சையாகவே ஒரு கிளை தொடர்ந்தால், கடைசியாக வரி தெரிந்த கணுவுக்கு மேலே வெட்டிவிடுங்கள்.

தொட்டியைத் திருப்பி வைக்க வேண்டுமா?

வாரம் ஒரு முறை கால் வட்டம். செடி வெளிச்சம் வரும் பக்கமாக வளைவதை 1880-லேயே டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் சோதித்திருக்கிறார்கள். புல் முளையின் நுனியை மூடிவிட்டால் அது வெளிச்சத்தை நோக்கி வளையவில்லை. நுனி உணர்கிறது, கீழே தண்டு வளைகிறது. நிழல் பக்கத்துக்கு ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் அதிகம் நகர்ந்து அந்தப் பக்கம் கூடுதலாக நீளுவதுதான் காரணம் என்பது பின்னால் தெரியவந்தது. மொட்டு வைத்த செடியை மட்டும் அப்போது திருப்ப வேண்டாம்.

டியூப் லைட் வெளிச்சம் போதுமா? குரோ லைட் வாங்க வேண்டுமா?

கூரையில் இருக்கும் டியூப் லைட் போதாது, தூரம் அதிகம். அதே விளக்கைச் செடிக்கு ஒரு அடி மேலே கொண்டுவந்தால் கதை வேறு. விளக்கின் தூரத்தை இரட்டித்தால் வெளிச்சம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும். குரோ லைட் என்று செடிக்கென்றே விற்கும், ஊதா நிறத்தில் எரியும் விளக்கு தேவையில்லை. எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் வெள்ளை எல்இடி பட்டை விளக்கே இலைச் செடிகளுக்குப் போதும். அந்த வெள்ளையில் செடிக்கு வேண்டிய சிவப்பும் நீலமும் இருக்கின்றன, செடியின் நிறமும் நம் கண்ணுக்கு இயல்பாகத் தெரியும்.

20 வாட் விளக்கைத் தினம் 12 மணி நேரம் எரித்தால் 0.24 யூனிட். இரண்டு மாத பில்லில் 14 யூனிட்டுக்குச் சற்று மேல். ஒரு டைமர் பிளக் வாங்கி அதில் மாட்டிவிடுங்கள், மறந்துபோகும் கவலை இருக்காது. இதை வைத்து மல்லி பூக்கவைக்க நினைக்காதீர்கள், அதற்கு வெயில் வேண்டும்.

இரவு முழுக்க விளக்கு எரிந்தால் நல்லதுதானே?

இல்லை. இருட்டும் செடிக்குத் தேவை. இரவின் நீளத்தைக் கணக்கிட்டுப் பூக்கும் செடிகள் உண்டு. சாமந்தி அதில் ஒன்று, நீண்ட இரவு கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். வணிகத்துக்குச் சாமந்தி வளர்க்கும் பாலிஹவுஸ்களில் பூவைத் தள்ளிப்போட இரவில் விளக்குப் போடுவார்கள், சீக்கிரம் பூக்கவைக்கக் கறுப்புத் துணியால் மூடுவார்கள். உங்கள் பால்கனிச் சாமந்தி தழைத்தும் பூக்காமல் இருந்தால், எதிரே தெரு விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

எதிரே புதிதாக அடுக்குமாடி எழும்பி வெளிச்சத்தை மறைத்துவிட்டது. என்ன செய்வது?

மூன்று வருடத்துக்கு முன் எங்களுக்கே நடந்தது. கிழக்கே தனி வீடு இருந்த மனையில் ஐந்து மாடி எழும்பியது. தளம் தளமாகக் கான்கிரீட் ஏற ஏற, என் சாக்கட்டிக் கோடுகள் ஒவ்வொன்றாக அர்த்தமில்லாமல் போயின. காலை ஏழு மணிக்கு வந்த வெயில் எட்டு மணிக்கு வந்தது, பிறகு ஒன்பதுக்கு, பிறகு நின்றே போனது. பதினொரு வருடம் பூத்த மல்லித் தொட்டி அந்தக் கோடையில் ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. அதைப் பார்க்கவே முடியாமல் அழுதிருக்கிறேன்.

அந்த நிலையில் செய்ய வேண்டியது, பழைய செடிகளை அதே இடத்தில் பிடிவாதமாக வைத்திருக்காமல் இடத்தை முதலிலிருந்து அளப்பது. முகத்தை வைத்து வானம் தேடுவது, தாளில் நிழல் பார்ப்பது, எல்லாம் மறுபடியும். வெயில் செடிகளை வெயில் இருக்கும் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். என் மல்லி இப்போது மதுரையில் தங்கை வீட்டு மாடியில் இருக்கிறது. போன சித்திரையில் ஒரு கூடை நிறைய பறித்ததாகப் படம் அனுப்பினாள். ரோஜாவும் கறிவேப்பிலையும் மேல்மாடி மாமியிடம் போயின, அவர் வீட்டுக்கு இன்னும் வெயில் வருகிறது.

காலியான இடத்தில் பிலோடென்ட்ரானும் அக்லோனிமாவும் வைத்தேன். புதுக் கட்டடத்தின் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். பிற்பகல் வெயில் அந்தச் சுவரில் பட்டு எங்கள் பால்கனிக்குத் திரும்புகிறது. மூன்று மணி வாக்கில் அளந்தால் 6,000 லக்ஸ் காட்டுகிறது, முன்பு அந்த நேரத்தில் அங்கே 4,000-தான் இருந்தது. நேர் வெயில் எனக்கு இப்போது ஒரே இடத்தில் கிடைக்கிறது. தை மாதத்தில் இரண்டு கட்டடங்களுக்கு இடையே உள்ள சந்தின் வழியாக, ஒன்பதே முக்காலிலிருந்து பத்தேகால் வரை, பால்கனியின் தெற்கு மூலையில் ஒரு முழ அகலத்துக்கு. அங்கே ஒரு முக்காலி போட்டு வெற்றிலைக் கொடியை வைத்திருக்கிறேன்.